கண் மேல் சதையா, கட்டியா? ஸ்கேன் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது. மழை பிடித்து அளம் ஓய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வர நேரம் கிடைத்திருக்கிறது. இடது கண்ணில், கருவிழியும் வெள்ளையும் சேரும் ஓரத்தில், வெந்த ஜவ்வரிசியை நசுக்கி ஒட்டியது போல ஒரு மேடு.

"ரெண்டு வருசமா இருக்கு தம்பி. சதைதான்னு சொன்னாவ. ஸ்கேனும் எடுத்தாச்சு, நார்மல்னு வந்துட்டு" என்று நான்காக மடித்த தாளை நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன். நார்மல்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் அது விழித்திரையின் ஸ்கேன். மேடு இருப்பது வீட்டு வாசலில். படம் எடுத்திருப்பது கொல்லைப்புறத்தை.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். ஸ்கேன் எடுத்துக் கொடுப்பது என் வேலை, நோய் என்னவென்று சொல்வது டாக்டர் வேலை. ஆனால் நான் திரையில் ஸ்கேன் கோட்டை எங்கே வைத்துக் குறுக்கு வெட்டுப் படம் எடுக்கிறேனோ அதைத்தான் டாக்டரால் பார்க்க முடியும். கண்ணின் மேற்பரப்பில் வரும் கட்டிகளைப் பொறுத்தவரை பாதித் தவறு படம் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மீதி அந்தக் கோட்டில் நடக்கிறது. நோயாளிகள் பக்கத் தவறு, எங்கள் பக்கத் தவறு இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம். அதில் இருந்த ஸ்கேனின் பெயர் ஓசிடி, விரித்தால் ஆப்டிகல் கோஹிரன்ஸ் டோமோகிராபி. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, ஒளி. 1991இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட முறை. ஒளியை அனுப்பி, திசுவின் எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, கத்தி படாமலே ஒரு குறுக்கு வெட்டுப் படம் தரும். ஊரில் இருக்கும் பெரும்பாலான ஓசிடி கருவிகள் வாங்கப்பட்டது கண்ணின் பின்பக்கத்தில் உள்ள விழித்திரையைப் பார்க்கத்தான். அதே கருவியில் முன்பக்கம் ஒரு லென்ஸைச் செருகியோ, வேறு பயன்முறைக்கு மாற்றியோதான் கண்ணின் மேற்பரப்பை எடுக்க வேண்டும். சீட்டில் வெறுமனே "ஓசிடி" என்று எழுதியிருந்தால் விழித்திரையை எடுத்து அனுப்பிவிடுவார்கள். "ஆன்டீரியர் செக்மென்ட் ஓசிடி, இடது கண், 3 மணி திசையில் மேடு" என்று எழுதியிருக்க வேண்டும். நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்கேன் அறையில் உட்கார்ந்ததும், "மேலே இருக்கிற இந்தக் கட்டியைத்தானே எடுக்கிறீங்க?" என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், பயத்தில் நேராக சிடி, எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத படலத்துக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை. கட்டி கண்குழிக்குள் இறங்கிவிட்டதோ என்று டாக்டர் சந்தேகப்படும்போது அவை வேண்டும். முதல் நாளே வேண்டாம்.

"சதைதானே" என்ற சொல்

வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் உழைக்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். டெரிஜியம் என்போம். பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் முளைத்து, முக்கோண இறக்கை போலக் கருவிழி மேல் மெதுவாக ஏறும். புற்று இல்லை.

சிக்கல் என்னவென்றால், அதே வெயில், அதே வயது, அதே ஓரம், அங்கேயே வரும் இன்னொன்றும் இருக்கிறது. கண் மேற்பரப்பின் ஸ்குவேமஸ் செல் கட்டி. ஆஸ்பத்திரிப் பேச்சில் ஓஎஸ்எஸ்என். மேல்தோல் செல்கள் கொஞ்சம் கெட்டுப்போன நிலையிலிருந்து, மேல்தோலைத் தாங்கும் அடிச்சவ்வைத் தாண்டி உள்ளே ஊடுருவிய முழுப் புற்று வரை எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் அடக்கம். சிலருக்கு ஜெல்லி போல இருக்கும், சிலருக்கு வெள்ளைப் பொருக்கு போல, சிலருக்குக் காலிஃபிளவர் மாதிரி. கட்டிக்குள் திருகாணி போலச் சுருண்ட ரத்தக்குழாய்கள், அதை நோக்கி ஓடும் தடித்த ஊட்டக்குழாய்கள், இவை தெரிந்தால் சந்தேகம் வர வேண்டும். சில சமயம் பழைய சதையின் மேலேயே இது உட்கார்ந்திருக்கும். அப்போது அனுபவசாலிக் கண்ணும் ஏமாறும்.

ஏமாந்தால் என்ன ஆகும்? சதை என்று நினைத்து ஓரத்தை ஒட்டிச் சுரண்டி எடுப்பார்கள். கட்டியாக இருந்தால் இப்படி எடுக்கக் கூடாது. சுற்றிலும் நல்ல திசுவையும் சில மில்லிமீட்டர் சேர்த்து, கட்டியைக் கருவியால் தொடாமல் எடுத்து, ஓரங்களை உறைய வைக்க வேண்டும். ஈரக் கருவியால் அங்கும் இங்கும் தொட்டால் செல்கள் வேறு இடத்தில் விதைபடலாம். மிச்சம் வைத்தால் திரும்பி வரும்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது வேறு. எடுத்த சதையைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவது! ஆறு மாதத்தில் திரும்ப வளர்ந்து வருகிறவரிடம், "போன தடவை எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பினாங்களா?" என்று கேட்டால் முழிப்பார். எடுத்த திசுவை ஃபார்மலின் புட்டியில் போட்டு நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்புவது பெரிய காரியம் இல்லை. சதை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் "எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா டாக்டர்?" என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

கோட்டை வைக்கும் இடம்

இனி எங்கள் அறைக்குள் வாருங்கள்.

உப்பள அண்ணாச்சியை நாடித்தாங்கியில் தாடையை வைக்கச் சொன்னேன். கட்டி காதோரப் பக்கம் இருந்ததால் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். அப்போதுதான் அந்த இடம் கருவிக்கு நேராகத் திரும்பும். இது சின்ன விஷயம் இல்லை. வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம் வரும், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் வரும். ஒளி சாய்ந்து விழுந்தால் நல்ல மேல்தோலும் படத்தில் தடித்துத்தான் தெரியும். இல்லாத நோயை நாமே உண்டாக்கிய மாதிரி ஆகிவிடும்.

புதிதாக வருகிற பிள்ளைகள் கோட்டை மேட்டின் உச்சியில் வைப்பார்கள். கட்டி அங்கேதானே பெரிதாக இருக்கிறது! படமும் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. படிக்க வேண்டியது கட்டியை அல்ல, கட்டி தொடங்கும் ஓரத்தை. ஒரே வெட்டில் நல்ல தோலும் கெட்ட தோலும் அக்கம்பக்கமாக விழ வேண்டும்.

அண்ணாச்சியின் படத்தில் அது இப்படி இருந்தது. இடப்பக்கம் கருவிழி. அதன் மேல் மெல்லிய சாம்பல் நாடா ஒன்று. அதுதான் எபிதீலியம் என்ற மேல்தோல், ஏறத்தாழ 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்த நாடா நேராக வந்துகொண்டே இருக்கிறது. திடீரென்று ஓர் இடத்தில், மாவு உப்பிய தோசை போல, மூன்று நான்கு மடங்கு தடிக்கிறது. தடித்த பகுதி வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. இரண்டுக்கும் நடுவே சுவர் வைத்தது போல ஒரு கோடு. தடிப்பு, வெண்மை, திடீர் மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் ஓஎஸ்எஸ்என் பக்கம் மனம் சாய வேண்டும்.

வெறும் சதையாக இருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். மேலே அந்த மெல்லிய நாடா பெரும்பாலும் அப்படியே ஓடும். அதற்குக் கீழே நார் நாராக வெண்மை தெரியும். ஒன்றில் தோலே தடித்திருக்கிறது, மற்றதில் தோலுக்கு அடியில் ஏதோ புகுந்து தூக்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மேடுதான்.

இன்னும் சில சில்லறைத் தவறுகள்: கண்ணில் களிம்பு போட்ட கையோடு எடுப்பது, இமையைத் தூக்குகிறேன் என்று விழியையே அழுத்துவது, மேலிமைக்கு அடியிலும் கீழிமைப் பள்ளத்திலும் பார்க்காமல் விடுவது, ஒரே ஒரு வெட்டோடு முடித்துவிடுவது. கோடு எங்கே வைக்கப்பட்டது என்று காட்டும் கண் புகைப்படம் இல்லாத ஓசிடி படம் முகவரி இல்லாத கடிதம். மூன்று மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி வெட்ட வழியே இருக்காது.

ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்குவது

142 மைக்ரான் என்ற எண் எங்கள் தொழிலில் பிரபலம். மையாமியில் உள்ள பாஸ்கம் பால்மர் கண் நிலையத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தோல் 142 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் சதையிலிருந்து ஓஎஸ்எஸ்என்னைப் பிரித்தறிய முடிந்தது. கண்டறியும் திறன் 94 சதவீதம், தவறாகக் குற்றஞ்சாட்டாத திறன் 100 சதவீதம். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது மிக நுணுக்கமான தனிக் கருவி. அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எல்லாக் கருவியிலும் வைத்து, 138 என்றால் நிம்மதி, 145 என்றால் அதிர்ச்சி என்று சொல்லலாமா?

840 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இயங்கும் கருவிகள் ஏறத்தாழ 5 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். 1310 நானோமீட்டரில் இயங்கும் பழைய முன்கண் கருவிகள் ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் 18 மைக்ரான் அளவுதான். அவற்றில் மேல்தோலின் எல்லை சரியாகப் பிடிபடாது. லிம்பஸ் என்ற அந்த ஓரத்தில் மேல்தோல் இயல்பிலேயே நடுக் கருவிழியைவிடத் தடிமன். கருவியே தானாகப் போடும் எபிதீலியம் வரைபடம் நல்ல கருவிழிக்காக எழுதப்பட்டது. கட்டி மேல் போனால் அது கண்ட இடத்தில் கோடு போடும். கையால் அளப்பதுதான் சரி. நாள்பட்ட அழற்சியிலும் தழும்பிலும்கூட மேல்தோல் தடிக்கும், ஆனால் அங்கே அந்தச் சுவர் போன்ற திடீர் மாற்றம் பொதுவாக இருக்காது.

நிழலை நம்புவது

வெள்ளைப் பொருக்கு உள்ள கட்டிகளில் மேலே கெரட்டின், அதாவது நகத்திலும் முடியிலும் உள்ள புரதம், படிந்திருக்கும். ஒளி அதைத் தாண்டிப் போகாது. கீழே கறுப்பு நிழல்தான் விழும். கட்டி தடித்திருந்தாலும் அப்படியே, கரு நிறமி இருந்தாலும் அப்படியே. அந்தக் கறுப்பைப் பார்த்து "கீழே ஒன்றும் இல்லை, ஆழமாகப் போகவில்லை" என்று எழுதுவது எங்கள் தொழிலின் மகா தவறு. கீழே எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஆழம் தெரிய வேண்டுமானால் ஒளியை விட்டு ஒலிக்குப் போக வேண்டும். டொரண்டோவில் பாவ்லின், ஃபாஸ்டர் குழுவினர் 1990 வாக்கில் கொண்டுவந்த யூபிஎம், அதாவது அல்ட்ராசவுண்ட் பயோமைக்ரோஸ்கோபி. 50 மெகாஹெர்ட்ஸ் ஒலி, நான்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும். நிறமி அதைத் தடுக்காது. கட்டி ஸ்கிளீரா என்ற வெள்ளை விழி உறையைத் தின்றுவிட்டதா, அதற்கு உள்ளே இருக்கும் சீலியரி பாடி என்ற தசை வளையத்தைத் தொட்டுவிட்டதா என்று கேட்டால் இதுதான் பதில் சொல்லும். ஆனால் நுணுக்கம் 40, 50 மைக்ரான் அளவு. மேல்தோலின் தடிப்பை இதில் பார்க்க முடியாது. "ரெண்டும் ஸ்கேன்தானே, ஏதாவது ஒண்ணு போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. ஒன்று மேலே படிக்கும், மற்றது கீழே படிக்கும். அதேபோல, எந்த ஸ்கேனிலும் அடிச்சவ்வு உடைந்து நாலு செல் கீழே இறங்கியதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது.

கத்தி படாத சோதனை என்றால் கண்ணையே தொடாத சோதனை என்று அர்த்தமில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். ஓசிடி தொடாது. யூபிஎம்முக்கு மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண் மேல் சின்னக் கிண்ணம் வைத்துத் திரவம் ஊற்ற வேண்டும். கண்ணின் செல்களை நேரடியாகப் பெரிதாக்கிக் காட்டும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோபி கருவியின் முனையும் கண்ணைத் தொடும். கண்ணில் கிழிசல் இருந்தாலோ, அண்மையில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கான்ஃபோகலில் ஒவ்வொரு செல்லும் தெரியும், அழகான படம். ஆனால் ஒரு படத்தின் பரப்பு 400க்கு 400 மைக்ரான்தான். சாவித்துவாரம் வழியாகக் கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது போல. பார்த்த இடத்தில் கெட்ட செல் இல்லை என்பதால் கட்டியிலேயே இல்லை என்று ஆகாது.

பழுப்பு நிறம்

நம் ஆட்கள் பலருக்குக் கருவிழியைச் சுற்றி லேசான பழுப்புப் பூச்சு இருக்கும். இரண்டு கண்ணிலும், ஏறக்குறைய ஒரே அளவில். அது தோலின் நிறத்தோடு வந்தது; அதற்கு ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். சிறு வயதிலிருந்தே உள்ள மச்சத்துக்குள் ஓசிடியில் குட்டிக் குட்டி நீர்ப்பைகள் தெரிந்தால் அது கொஞ்சம் ஆறுதலான அடையாளம்.

நடுத்தர வயதுக்கு மேல், ஒரே கண்ணில், புதிதாகப் பழுப்பு பரவினால், அல்லது பழைய மச்சம் தடித்து அதற்கு ரத்தக்குழாய் ஓடினால் கதை வேறு. தட்டையான பழுப்பில் செல்கள் கெட்டிருக்கின்றனவா இல்லையா என்று ஓசிடி சொல்லாது. நிறமிச் செல்களின் புற்றான மெலனோமாவா என்ற கேள்விக்கும் அதை நம்பி உட்காரக் கூடாது. இங்கே "ஸ்கேன் நல்லா இருக்கு, அடுத்த வருசம் வாங்க" என்பது ஆபத்தான வாக்கியம்.

பயாப்ஸிக்குப் பதிலா?

ஓசிடிக்கு "ஆப்டிகல் பயாப்ஸி" என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரால் வந்த குழப்பம் கொஞ்சமில்லை. ஸ்கேன் செய்வது மூன்று உபகாரம்: சந்தேகத்தை எழுப்பும், எங்கே வெட்டி எடுக்கலாம் என்று காட்டும், மருந்து வேலை செய்கிறதா என்று பின்தொடரும். பெயர் வைப்பது நோய்க்குறியியல் மருத்துவரின் மைக்ரோஸ்கோப்தான்.

நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்ஃபோமா இதற்கு நல்ல உதாரணம். இமையைக் கீழே இழுத்தால் இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று ஒரு திட்டு. வலி இருக்காது, கண் சிவப்பு என்று மாதக்கணக்கில் சொட்டு விட்டிருப்பார்கள். ஓசிடியில் மேல்தோல் நன்றாக இருக்கும், அதற்கடியில் ஒரே சீரான இருண்ட மேடு. படம் பார்த்தே டாக்டர் ஊகித்துவிடலாம். ஆனால் எந்த வகை லிம்ஃபோமா, உடம்பில் வேறு எங்கும் இருக்கிறதா, இதெல்லாம் திசு எடுத்தால்தான் தெரியும். சில சோதனைகளுக்கு ஃபார்மலினில் போடாத புதுத் திசு வேண்டும். ஆகவே லேபிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் எடுத்துவிட்டு, பிறகு கையைப் பிசைவதும் நடக்கிறது.

இளம் வயதில் ஓஎஸ்எஸ்என் வந்தால் எச்ஐவி பரிசோதனையும் கேட்பார்கள். சங்கடப்பட்டு மறுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டி வருவதும், வேகமாக வளர்வதும் உண்டு; அதனால் கேட்கிறார்கள், உங்கள் நடத்தையைப் பற்றித் தீர்ப்பு எழுத அல்ல.

சொட்டு மருந்தை முன்கூட்டி நிறுத்துவது

அண்ணாச்சிக்குச் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில் ஓஎஸ்எஸ்என் உறுதியானது. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று 1 சதவீத ஃபுளோரோயூராசில் சொட்டு எழுதினார். ஒரு வாரம் தினம் நாலு வேளை, பிறகு மூன்று வாரம் ஓய்வு. இது ஒரு சுற்று. இன்டர்ஃபெரான், மைட்டோமைசின் என்று வேறு சொட்டுகளும் உண்டு. யாருக்கு எது என்பது டாக்டர் முடிவு.

இந்த மருந்துகளில் நடக்கும் பெரிய தவறு, கண் வெளுத்ததும் நிறுத்திவிடுவது. கட்டி கரைந்து, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்பில் பார்த்தாலும் சுத்தமாகத் தெரியும் காலத்திலும், ஓசிடியில் ஒரு மூலையில் தடித்த வெள்ளை நாடா மிச்சம் இருக்கக்கூடும். அந்த மிச்சம் அடுத்த வருடம் திரும்ப முளைக்கும். ஆகவே நாடா மறுபடி மெலிந்து, அந்தச் சுவர் மறைந்து, பக்கத்து நல்ல தோலோடு ஒன்றாகும் வரை மருந்தைத் தொடர வேண்டும். இதற்கு முதல் நாள் படம் இருக்க வேண்டும், அதே கருவியில், அதே இடத்தில். மருந்து தொடங்கிய பிறகு முதல் ஸ்கேன் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. நடுவில் சிவப்பு குறையட்டும் என்று மெடிக்கலில் தானாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவதும் கூடாது. கண் வெளுக்கும், கட்டி அப்படியே இருக்கும், எல்லோரும் ஏமாறுவார்கள்.

நான்காவது சுற்று முடிந்து அண்ணாச்சி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மேடு போன இடமே தெரியவில்லை. "அளத்துல வேலை தொடங்கியாச்சு தம்பி. மருந்த நிறுத்திரலாம்லா?" என்றார். மூக்கைப் பார்க்கச் சொல்லி அதே 3 மணி திசையில் கோட்டை வைத்தேன். சாம்பல் நாடா நேராக வந்தது. வெள்ளை விழிப் பக்கம் போனதும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் தடித்து வெளுத்து, மறுபடி மெலிந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன். கிட்டே குனிந்து பார்த்தார்.

"இந்தத் துணுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

டாக்டர் இன்னும் இரண்டு சுற்று எழுதினார். அண்ணாச்சி சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கோடு வைத்த இடத்தைப் புகைப்படத்தில் குறித்து, அவருடைய கோப்பில் சேர்த்தேன்.